பட்டறை இடம் மாறியும் கூகுள் மேப்பில் பழைய முகவரியே வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (பட்டறைக்காரர்):
வணக்கம். கோவை கணபதியில் இருந்த என்னுடைய மோட்டார் காயில் கட்டும் பட்டறையைச் சென்ற ஆண்டு சரவணம்பட்டிக்கு மாற்றினேன். இரண்டும் சத்தி சாலையிலேயே இருப்பதால், அன்னூர்ப் பக்கமிருந்து எரிந்துபோன மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி வருகிறவர்கள், மேப் காட்டும் வழியை நம்பிப் புதிய பட்டறையின் வாசலைக் கடந்தே கணபதி வரை போய், பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டு வேறு பட்டறைக்குச் சென்றுவிடுகிறார்கள். பழைய பதிவை, முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒரு தம்பி தன்னுடைய மின்னஞ்சலில் உருவாக்கியிருந்தார். இப்போது அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. பொறுமையிழந்து, சென்ற வாரம் அந்தப் பதிவை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டுப் புதிய பதிவொன்றைத் தொடங்கினேன். இப்போது பெயரைத் தேடினால் அந்தச் சிவப்பு எழுத்துதான் முதலில் தெரிகிறது. தொழிலையே விட்டுவிட்டீர்களா என்று நேற்று மட்டும் இருவர் கேட்டார்கள்.

பதில் (இணையதளப் பணியாளர்):
மூடியதாகக் குறித்ததுதான் சிக்கல், ஐயா. கடை இடம் மாறினால் பழைய பதிவிலேயே முகவரியைத் திருத்த வேண்டும். அப்போதுதான் இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த விமர்சனங்களும் நட்சத்திரங்களும் உங்களோடு வரும். முதலில் பழைய பதிவைத் திறந்து, அது உங்களுடைய தொழில்தான் என்று உரிமை கோருங்கள். வேறொருவர் கணக்கில் இருப்பதால், அனுமதி கேட்கும் படிவம் வரும். அவருக்கு 3 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால், பெரும்பாலும் நீங்களே உரிமையைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளும் வாய்ப்புக் கிடைக்கும். உரிமை கைக்கு வந்ததும், மீண்டும் திறந்திருப்பதாக மாற்றி, முகவரியைத் திருத்தி, மேப்பில் ஊசியையும் சரியான வாசலுக்கு நகர்த்துங்கள். புதிதாகத் தொடங்கியதை நகல் பதிவு என்று சொல்லி நீக்கச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் (கணினி மையம்):
மேலே சொன்னது சரி. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது. வணிக விவரத் தளங்களிலும் உங்கள் பழைய இணையப் பக்கத்திலும் கணபதி முகவரி இருக்கும் வரை, தேடுபொறி அதை எங்கிருந்தாவது எடுத்துக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். கடைப்பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பழைய வாசகத்தைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கூகுளிலேயே ஒரு கருவி உண்டு. மூலப் பக்கம் மாறிய பிறகும் பழையதே தெரிந்தால்தான் அது பயன்படும், பக்கத்தைத் திருத்தாமல் விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்கள். பிங்கையும் ஆப்பிள் மேப்பையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றில் தனித்தனியாகத்தான் திருத்த வேண்டும்.

பட்டறைக்காரர்:
மூன்று நாளும் பதில் வரவில்லை. நான்காம் நாள் சரிபார்க்கும் வாய்ப்பு வந்தது. பெயர்ப்பலகை, சாவி போட்டு ஷட்டரைத் திறப்பது, உள்ளே காயில் சுற்றும் இயந்திரம் எல்லாம் தெரியும்படி ஒரே மூச்சில் வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் முறை பலகை சரியாகத் தெரியவில்லை என்று மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது முகவரி மாறிவிட்டது, பழைய விமர்சனங்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு விவரத் தளத்தில் மட்டும் இன்னும் கணபதிதான் வருகிறது; எழுதிப் போட்டிருக்கிறேன். அதுவரைக்கும், கட்டட உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பழைய ஷட்டரில் புதிய முகவரியைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.