நட்பா, டேட்டிங்கா: எப்படிக் கேட்கிறது?

அல்சூர்வாசி:
பெங்களூர்ல வேலை பார்க்கிற ரெண்டு பேர், வேற வேற ஆபீஸ். ஒரு வருஷமா சனி, ஞாயிறு சேர்ந்துதான் சுத்துறாங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன். யாராவது கேட்டா "பிரெண்ட்ஸ்". ஒருத்தருக்கு மட்டும் அது போதலை. எதிராளி மனசை எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? கேட்டே ஆகணும்னா எங்க, எப்படி?

மடிவாளா மல்லி:
அடையாளம் தேடுறதை முதல்ல நிறுத்துங்க. அதிகமா ஏமாத்துறது இது: ஹோட்டல்ல தோசை பாதி சாப்பிட்டிருக்கும்போது ஊர்ல இருந்து அம்மா போன் வரும். அவங்க எழுந்து வாசல் பக்கம் போய், வாயைப் பொத்திக்கிட்டு "ரூம்லதாம்மா இருக்கேன்"னு சொல்வாங்க. நம்மளை மறைக்கிறாங்களே, அப்போ ஏதோ இருக்குன்னு தோணும். பொண்ணும் பையனும் தனியா சாப்பிடப் போனாலே பல வீட்ல சண்டை. அந்தப் பயத்துல வர்ற பொய் அது, காதலுக்குச் சாட்சி ஆகாது. பில்லைப் பாதிப் பாதியா ஜிபே பண்றதும் பண்ணாததும் வெறும் பழக்கம். வேற யாரையாவது பிடிச்சிருக்குன்னு உங்ககிட்டயே சகஜமா பேசினா, அதை மட்டும் ஓரளவு நம்பலாம்: நட்புதான்.

கேட்கிற வார்த்தைதான் முக்கியம். நம்ம ஆளுங்ககிட்ட "லவ் பண்றியா"ன்னு கேட்டா, காதுல விழுறது "கல்யாணம் பண்ணிக்கிறியா". பிரெண்டுக்கும் லவ்வருக்கும் நடுவுல நாம புழங்குற சொல்லே இல்லை. அதான் மழுப்புறாங்க. பிரிச்சுக் கேளுங்க. நட்பைத் தாண்டி விருப்பம் இருக்கா? இருந்தா, வேற யாரையும் பார்க்காம நாம ரெண்டு பேர் மட்டும்னு வெச்சுக்கலாமா? யார் யாருக்குச் சொல்லலாம்? ஜாதி, ஜாதகம், வீட்டுப் பேச்சு அன்னிக்கு வேண்டாம்.

ஊதாலைன்:
ஞாயிறு காலை, கப்பன் பார்க். அன்னிக்கு உள்ள வண்டி விடமாட்டாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாம்ங்கிறது ரெண்டு பேருக்கும் லேசா இருக்கும். பக்கத்துலயே மெட்ரோ, சங்கடமானா தனித்தனியா கிளம்பலாம். அதனால ஒரே பைக்ல போகாதீங்க. ரூம்லயோ கேப்லயோ கேட்கவே கூடாது, எழுந்து போக வழியில்லாத இடம். ராத்திரி நீளமா வாட்ஸப் அனுப்புறதும் வேண்டாம். ப்ளூ டிக் விழுந்து பதில் வரலைன்னா பதறிப்போய் "சும்மா விளையாட்டுக்கு"ன்னு நீங்களே வாபஸ் வாங்குவீங்க. அதுக்கப்புறம் உண்மையா கேட்டாலும் எடுபடாது.

"எனக்கு உன்மேல நட்பைத் தாண்டி விருப்பம் இருக்கு. யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லு." இதுக்கு மேல நீட்டாதீங்க. அந்த ஒரு வாரம் போன், மெசேஜ் எதுவும் வேண்டாம்.

கோரமங்களா குமரன்:
நட்புல இருந்து காதல் வர்றது அபூர்வம்னு நினைக்க வேண்டாம். 2021-ல கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல சுமார் 1,900 பேர். மூணுல ரெண்டு பங்கு பேர் முதல்ல நண்பர்களா இருந்தவங்க. ஆனா அது ஜோடி சேர்ந்தவங்க கணக்கு. கேட்டு, மறுப்பு வாங்கினவங்க அதுல வரமாட்டாங்க. அதைக் காட்டி ரெண்டாம் தடவை கேட்காதீங்க. விருப்பமில்லைன்னு தெளிவா சொன்ன பொண்ணை ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டா, 2024 ஜூலையில அமலுக்கு வந்த புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-ம் பிரிவுப்படி அது குற்றம்.

அல்சூர்வாசி:
நன்றி. "இப்படியே இருக்கலாமே"ன்னு பதில் வந்தா?

மடிவாளா மல்லி:
அதை "இல்லை"ன்னே எடுத்துக்கோங்க. இதுலதான் நிறைய பேர் வருஷக்கணக்கா மாட்டிக்கிறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும். கோபப்படாம முதல்ல ராத்திரி போனை நிறுத்துங்க. விருப்பத்தை வளர்த்ததே அந்த நேரம்தான். ஒரு மாசம் நாலு பேரோட மட்டும் சந்திங்க. ஏன் இந்த மாற்றம்னு அவங்ககிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க, இல்லைன்னா பழிவாங்குற மாதிரி இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட் எடுத்திருந்தா, தனித்தனியா போகலாமான்னு நீங்களே முதல்ல கேட்டு உங்க சீட்டை மாத்திக்கோங்க.