கஜா புயலில் நனைந்த 1968 அம்பாசடர்: இறுகிய இன்ஜினும் துருப்பிடித்த தரையும், வழி சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா வாங்கிய 1968 அம்பாசடர் மார்க் 2 வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது. ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் அதை "உங்க வீட்டு ப்ளஷர்" என்றுதான் கேட்பார்கள். அக்காவைப் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போனது இதில்தான். 2009-ல் அப்பா தவறியபின் யாரும் எடுக்கவில்லை.

2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி, கொட்டகை மேல் தென்னை சாய்ந்து கூரை பிய்ந்துவிட்டது. வீடு, தோப்பு என்று அலைந்ததில் காரை நினைக்க நேரமில்லை. தார்ப்பாய் போட்டு மூடினோம், அதோடு சரி.

போன மாதம்தான் தார்ப்பாயை எடுத்தேன். பின் சீட்டுக்குள் எலி வளை. வைக்கோலும் சீட்டுப் பஞ்சும் சுருட்டி வைத்து, நடுவில் ஒரு கைப்பிடி நெல். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் முழுக்கக் கடித்துத் தாமிரம் தெரிகிறது. முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் அசையவே மாட்டேன் என்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே விழுந்தது. உள்ளே விரல் கனத்துக்குப் பட்டி. 2005 வாக்கில் ஒரு பட்டறையில் டிங்கரிங்குக்கு விட்டிருந்தோம். துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே ஃபைபரும் பட்டியும் அப்பிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதற்கு முழுக்காசு எண்ணிக் கொடுத்தார். மனசு ஆறவில்லை.

இன்ஜினை இறக்காமல் இளக்க முடியுமா? இன்னொன்று, இங்கே ஒருவர் "மேலே தகடு வச்சு ரிவெட் அடிச்சிடலாம், சேஸிஸ் தனியாத்தானே இருக்கு" என்கிறார். நம்பலாமா? புதுசு மாதிரி மின்ன வேண்டாம். அப்பா காலில் தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பரைக்கூட மாற்றப்போவதில்லை. ஓடினால் போதும்.

ஸ்டியரிங் கியர்:

தம்பி, ரிவெட் அடிக்க விடாதே. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடியில் எடை தாங்கும் சட்டம், கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 கார்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் ஆனது, பாடியே சேஸிஸ். நீ தட்டி உடைத்த பெட்டித் தகடும் தரையும்தான் வண்டி எடையைத் தாங்குகிறது. துருவின் மேல் ரிவெட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

வெட்டும் முன்னால் நான்கு கதவையும் சாத்தி இடைவெளியை அளந்து எழுதிக்கொள். முன்னும் பின்னும் மட்டும் ஜாக்கி கொடுத்து வெட்டினால் நடு தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது. நடுவிலும் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போ. சிஓ2 வெல்டிங் (கம்பி தானாக ஓடிவரும் கேஸ் வெல்டிங்) உள்ளவரிடம் கொடு. தொடர்ந்து இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைக்கச் சொல், தகடு நெளியாது. உள்ளே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்காமல் விடு. அடைபட்ட ஓட்டைதான் பாதி வண்டிகளைத் தின்றது.

இன்ஜினுக்கு அவசரம் கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்று. பத்து நாள் ஊறட்டும், குறையக் குறைய ஊற்று. அதற்குப்பின் ஹேண்டிலை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார். டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்று யாராவது வருவார்கள். விடாதே, பிஸ்டன் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். சுற்ற ஆரம்பித்தால் பழைய ஆயிலை இறக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் இடைவெளி 25 தவ், ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-3-4-2.

நாகூர் உப்புக்காத்து:

சார், நான் ஃபியட் பத்மினி வைத்திருக்கிறேன், கடற்கரை ஊர். பெட்ரோல் பற்றி யாரும் சொல்லவில்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸை அது இளக்கி உள்ளிருந்து கறுப்பாக உரிக்கும். என் வண்டி வேளாங்கண்ணி போகிற வழியில் நின்றபோது கார்பரேட்டரைத் திறந்தேன். பெட்ரோலை உள்ளே விடும் ஃப்ளோட் ஊசியின் நுனியில் கடுகளவு ரப்பர். அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும், பம்ப் டயாப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிறைய நாள் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை நிறுத்துவதானால் பாதி டேங்க் வைக்காதீர்கள்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான் ஈரம் குடிக்கும். இவ்வளவு வருஷம் நின்ற வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரையும் எல்லா வீல் சிலிண்டரையும் பிரிக்காமல் ரோட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கொட்டகைத் தரை களிமண்தானே? நம் பக்கத்து மண்ணில் ஈரம் கீழிருந்து ஏறும். தார்ப்பாய் அதை உள்ளேயே அடைத்து வைத்தது. தரைக்கு பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் காங்கிரீட் போடுங்கள், வண்டிக்குப் பழைய பருத்தித் துணி போதும்.

வலஞ்சுழி:

அண்ணே, ஒரு சின்ன விஷயம். என் மார்க் 4-க்கு டிக்கி கைப்பிடி பொரிந்து உடைந்து போனது, எங்கும் கிடைக்கவில்லை. உடைந்ததை ஒட்டிச் சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். மெழுகில் அச்செடுத்து, காவிரி வண்டல் மண் பூசி, வெண்கலத்தில் ஊற்றிக் கொடுத்தார். ஆறும்போது உலோகம் கொஞ்சம் சுருங்கும் என்று மெழுகைச் சற்றுக் கனமாக வைத்தார். அரத்தால் ராவிப் பொருத்தி, குரோம் போட்டேன். பழசை விடக் கனம்.

ஆர்சி காலாவதி ஆகியிருக்குமே? 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு, பத்து வருஷம் செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக்கூடாது. கோயில், கல்யாணம் என்று எடுக்கப்போகிறீர்கள் என்றால் சாதாரணப் புதுப்பித்தலுக்கே போங்கள்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டாம் நாள் காலையில் ஹேண்டிலை ஆட்டினேன். ஒரு நகம் அளவு அசைந்தது. திரும்ப ஆட்டினேன், மூன்றாவது பிளக் ஓட்டையில் காபி நிறத்தில் ஆயில் பொங்கி வந்தது. மத்தியானத்துக்குள் முழுச் சுற்றும் சுற்றியது. அம்மா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ரிவெட் சொன்னவரிடம் விடவில்லை. மன்னார்குடியிலிருந்து சிஓ2 வெல்டிங்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கதவு இடைவெளியை அளந்து கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறேன். டிரைவர் பக்கம் முன்னால் 5 மில்லிமீட்டர், பின்னால் 7.