மறு: 'இம்ப்ரஷனபிள் இயர்ஸ்' – 'இளகுபருவம்' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் அரசியல், சமயக் கருத்துகள் அதிகம் மாறிப் பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடும் என்று ஒரு கருதுகோள் உண்டு; அந்தக் காலத்தைத்தான் ஆங்கிலத்தில் 'இம்ப்ரஷனபிள் இயர்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று: 'எளிதில் பாதிப்புறும் வயது', 'பதிவுப் பருவம்', 'நெகிழ்பருவம்'. மூன்றையும் ஏற்க முடியவில்லை, அதிலும் முதலாவதைக் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். 'பாதிப்பு' என்று சொன்ன உடனே தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. 'காலேஜுக்குப் போய்க் கெட்டுப்போய்விட்டான்' என்று வீட்டில் சொல்வார்களே, அந்தத் தீர்ப்பு. ஆய்வுகள் சொல்வது அதை அல்ல.

இந்தக் கருத்தின் வேர் எங்கே என்று பார்த்தால் சொல்லும் தானாகத் தெளிவாகும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பென்னிங்டன் கல்லூரி 1932-இல் பெண்களுக்காகத் தொடங்கியது. வசதியான, பெரும்பாலும் குடியரசுக் கட்சிக் குடும்பங்களிலிருந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர்களோ இளம் வயதினர், ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஆதரித்தவர்கள். அங்கே பாடம் நடத்திய சமூக உளவியலாளர் தியோடர் நியூகோம் 1930-களின் பிற்பகுதியில் மாணவிகளின் அரசியல் கருத்துகளை ஆண்டுதோறும் கேட்டுப் பதிந்தார். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் அது ஏறத்தாழ 15 சதவீதம்தான்; அவர்களில் பாதிக்கு மேல் ரூஸ்வெல்ட்டுக்கு, மீதிப் பேரில் பெரும்பாலோர் சோஷலிச, கம்யூனிச வேட்பாளர்களுக்கு. அந்தத் தேர்தலில் லாண்டன் வென்றதே மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மாநிலங்களில்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வீடு ஒரு பக்கம், கல்லூரி இருந்த மாநிலமும் அதே பக்கம், பிள்ளைகள் மட்டும் எதிர்ப்பக்கம்.

இதைவிட முக்கியம் பிறகு நடந்தது. 1960-61-இலும், மறுபடி 1984-இலும் அதே பெண்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பேரன் பேத்தி எடுக்கும் வயதிலும் பெரும்பாலோர் கல்லூரியில் எடுத்த நிலையிலேயே இருந்தார்கள். ஏமாந்துபோய் எடுத்த நிலை என்றால் ஐம்பது ஆண்டு நிற்குமா? அப்புறம், எல்லோரும் மாறவும் இல்லை. கல்லூரி வாழ்க்கையில் ஒட்டாமல், வீட்டாரையே தங்கள் அளவுகோலாக வைத்திருந்தவர்கள் பழைய கருத்தோடே வெளியே போனார்கள். ஆக, யாரைத் தன் கூட்டமாக நினைக்கிறோம் என்பதில் அந்த ஆளுக்கும் பங்கு இருக்கிறது. 'பாதிப்புறும்' என்ற சொல் அந்தப் பங்கைத் துடைத்துவிடுகிறது.

> 'வளரிளம் பருவம்' என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

என்று இழையில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை என்று உலக சுகாதார நிறுவனக் கணக்கு. நாம் பேசுவது அதன் கடைசிப் பகுதியில் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை போவது. அரசியல் ஆய்வாளர் கென்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் 1965-இல் அமெரிக்கப் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் 1,669 பேரைக் கேட்டு, பிறகு 1973, 1982, 1997 என்று தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். கருத்துகள் அதிகம் ஆடியது முதல் இடைவெளியில், அதாவது சுமார் 18-க்கும் 26-க்கும் நடுவில். அதற்குப் பிறகு ஆட்டம் அடங்கிவிடுகிறது. இது உடல் வளர்ச்சியின் பெயர் அல்ல, ஒரு கருதுகோளின் பெயர். அதனால் தனிச்சொல் வேண்டும்.

அதே 1965 நமக்கும் ஓர் ஆண்டு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களில் பலருக்கு அப்போது வாக்குரிமை இல்லை, வயது வரம்பு 21. 1967 தேர்தலில் அவர்களில் பலர் முதல் வாக்கைப் போட்டார்கள். விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அந்தத் தலைமுறைக்காரர் ஒருவரிடம் இன்றைக்கு அரசியல் பேசிப் பாருங்கள், பேச்சு சுற்றிச் சுற்றி அந்த ஆண்டில் வந்து நிற்கும். சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் 1928-இலேயே தலைமுறை பற்றி எழுதியதன் சாரமும் இதுதான்: இளமையில் எதைக் கண்டோமோ அதை வைத்தே பின்னால் வருவதையெல்லாம் எடைபோடுகிறோம்.

சரி, சமயம்? இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் தொடவில்லை. அரசியலில் கருத்து மாறினால் வாக்கும் மாறும். சமயத்தில் அப்படி இல்லை. நம்பிக்கை, வழிபாடு, அடையாளம் மூன்றும் தனித்தனி வேகத்தில் நகர்கின்றன. என் அக்கா மகன் விடுதிக்குப் போன சில மாதங்களில் திருநீறு பூசுவதை விட்டான். ஊருக்கு வரும்போது பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருக்கும் பிள்ளையார் கோவிலில் ஒரு கீற்று பூசிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டால் 'அதெல்லாம் யோசிக்கலை மாமா' என்பான். படிவத்தில் இந்து என்றுதான் எழுதுகிறான். அமெரிக்க ஆய்வுகளிலும் இருபதுகளில் முதலில் சரிவது தேவாலயத்துக்குப் போகும் பழக்கம்தான், பெயரளவு அடையாளம் அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பின் ஒரு பகுதியினர் திரும்பி வருகிறார்கள். ஆகவே 'மதமாற்றம்' என்ற சொல்லை இந்த விவாதத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். அது வேறு பொருளில் ஊறிப்போன சொல். 'நம்பிக்கைத் தளர்வு', 'வழிபாட்டுத் தளர்வு' என்று பிரித்தே எழுதுவோம்.

இனி என் சொல்: இளகுபருவம். கருதுகோளுக்கு 'இளகுபருவக் கருதுகோள்'. கருத்துகள் பிறகு கெட்டிப்படுவதற்கு 'இறுகல்'. வெல்லப் பாகு இளகிய நிலையில் இருக்கும்போது அச்சில் ஊற்றுகிறோம், ஆறினால் அந்த வடிவத்தோடு நின்றுவிடும். இளகுவதும் இறுகுவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். 'நெகிழ்' என்பதில் இந்த இரண்டாம் முனை கிடையாது. நெகிழ்வுத்தன்மை என்றால் எப்போதும் வளைந்துகொடுப்பது என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அதை எதிர்க்கருதுகோளுக்கு வைத்துக்கொள்ளலாம்: மனிதர் வாழ்நாள் முழுக்க மாறக்கூடியவர் என்று சொல்வதற்கு 'வாழ்நாள் நெகிழ்வு'. 'பதிவுப் பருவம்' என்றால் பத்திரப் பதிவும் வலைப்பதிவும்தான் நினைவுக்கு வருகின்றன.

'மனம் இளகினாள்' என்றால் இரங்கினாள் என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். 'மனம்' சேர்ந்தால் அப்படித்தான். 'பருவம்' சேர்ந்து தொகையாக நிற்கும்போது அந்தப் பொருள் ஒட்டவில்லை, உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

சொல்லை வரையறுக்கும்போது ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: இது போக்கு, விதி அல்ல. பெரியார் 1904-இல் 25 வயதில் காசிக்குப் போனார், அங்கே சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்டது. கருதுகோளுக்கு வாகான எடுத்துக்காட்டு. ஆனால் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறியது 1925-இல், 46 வயதில். இறுகிய பிறகும் உடைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு, நாம் எழுதும் வரையறை அதற்கு இடம் விட வேண்டும்.

என் முன்வரைவு:

*இளகுபருவம்: ஏறத்தாழ 18 முதல் 25 வயது வரையிலான காலம், அரசியல், சமயக் கருத்துகள் சூழலாலும் சொந்தத் தேர்வாலும் மற்ற வயதுகளைவிட அதிகம் மாறி, பின்னர் பெரும்பாலும் நிலைத்துவிடும் காலம் என்று கருதப்படுவது.*

'கருதப்படுவது' என்பதை வெட்டிவிடாதீர்கள். உளவியலோ சமூகவியலோ தமிழில் நடத்துகிறவர்கள் இந்த வாரம் வகுப்பில் இச்சொல்லைப் போட்டுப் பார்த்து, பிள்ளைகளுக்கு விளக்கம் இல்லாமல் புரிகிறதா என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். ஒருவர் தன் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் கூட்டத்தைக் குறிக்கும் 'ரெஃபரன்ஸ் குரூப்' என்பதற்கும் சொல் தேட வேண்டியிருக்கிறது, 'ஒப்பீட்டுக் குழு' சோதனைகளில் வேறு பொருளில் புழங்குகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.