சாக்லேட் குராமி: தண்ணீர் மாற்றிய மறுநாள்தான் சாகிறது, ஏன்?

மடிப்பாக்கம்மீன்:
வணக்கம். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த மீன் இது. சென்னை குளத்தூரில் கேட்காத வண்ணமீன் கடையில்லை. கடைசியில் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுப் பெட்டி வந்தபோது எட்டு மீன் எடுத்துக் கொடுத்தார். இப்போது நான்குதான் மிச்சம்.

இரண்டு அடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆற்று மணல், ஒன்றிரண்டு கல், காய்ந்த வாதாம் இலை, மேலே கண்ணாடி மூடி. முதலில் முழுக்க வீட்டு ஆர்ஓ தண்ணீரில்தான் நிரப்பினேன். வந்த புதிதில் நன்றாகவே இருந்தன. ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு போட்டால் ஒவ்வொன்றாகக் குறிபார்த்துக் கொத்தும். ஆர்ஓவில் சத்தே கிடையாது, போர்வெல் தண்ணீரும் கலந்து விடு என்று பலரும் சொன்னார்கள். அதனால் தண்ணீர் மாற்றும்போது மட்டும் பாதி ஆர்ஓ, பாதி போர் கலந்து, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். ஞாயிறு மாற்றினால் அன்று மாலையே துடுப்பை மடக்கிக்கொண்டு மேலே வந்து நிற்கின்றன. மறுநாள் ஒன்றாவது போய்விடுகிறது. புண், வெள்ளைப்புள்ளி எதுவும் இல்லை. பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) மாற்றுவதற்கு முன் 6.2, மாற்றிய பின் 7.2.

இருப்பதில் ஒன்று சில நாளாகச் சாப்பிடவே இல்லை. தாடைக்குக் கீழே லேசாக வீங்கியிருக்கிறது. கடைக்காரர் கல்லுப்பும் மெத்திலீன் புளூவும் போடச் சொல்கிறார். போடலாமா?

உப்புக்கல்:
போடுங்க. எந்த மீனுக்கும் முதல் மருந்து உப்புதான். நான் மோலி, கப்பி எல்லாவற்றுக்கும் அதுதான் போடுகிறேன்.

கறுப்புநீர்:
மோலிக்குச் சரி, அது உப்பங்கழியிலும் வாழும் மீன். சாக்லேட் குராமி வருவது மலேசியா, சுமத்ரா, போர்னியோ பக்கத்துக் கரிச்சதுப்புக் காடுகளிலிருந்து (மக்கிய இலைதழை படிந்த சதுப்பு, ஆங்கிலத்தில் பீட்). அங்கே தண்ணீரில் கரைந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை, பிஎச் நாலைத் தொடும், சில இடங்களில் அதற்கும் கீழே. அந்த மீனுக்கு உப்பு போடுவது இருக்கிற தொல்லையைக் கூட்டுவதுதான். தயவுசெய்து இப்போதைக்கு எந்த மருந்தும் போடாதீர்கள்.

மூன்று விவரம் வேண்டும். ஒன்று, போர், ஆர்ஓ, தொட்டி மூன்றுக்கும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) எவ்வளவு? ஆர்ஓ சர்வீஸ்காரர் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரி மீட்டர் போதும், பெரிய விலை இல்லை. இரண்டு, தண்ணீர் மாற்றுவதற்கு முன் அம்மோனியா சோதனை. மூன்று, அந்தக் கல்லை வெளியே எடுத்து இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கிறதா என்று பார்க்க. சுண்ணாம்புக்கல்லானால் நுரைக்கும்.

மடிப்பாக்கம்மீன்:
நன்றி அண்ணா. கல் நுரைக்கவில்லை. போர் 1150, ஆர்ஓ குழாயில் 140, தொட்டி 420. அம்மோனியா சோதனையில் 1 பிபிஎம் காட்டியது. ஆனால் அந்த நேரத்தில் மீன்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. அதனால் அது காரணமில்லை என்று நினைக்கிறேன்.

கறுப்புநீர்:
அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும். அது மீனை அவ்வளவாகத் தாக்காது. பிஎச் ஒன்று கூடினால், அதே அளவிலிருந்து நச்சு அம்மோனியாவாக மாறுகிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சோதனைத் திரவம் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 6.2இல் உங்கள் 1 பிபிஎம் பெரிய தொல்லை தராமல் கிடந்தது. போர் தண்ணீர் உள்ளே போய் 7.2 ஆனதும், மூன்றில் ஒரு பங்கு வெளியே போனது போக மிச்சமிருந்ததில் நஞ்சாக மாறுகிற பங்கு அப்படிக் கூடிவிட்டது. மாலையே மேலே வந்து நிற்பது அதோடு பொருந்துகிறது. தண்ணீர் மாற்றாமல் விட்ட நாட்களில் மீன் பிழைத்திருந்ததும் இதனால்தான். ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா 6ஐ ஒட்டிய பிஎச்சில் மந்தமாகத்தான் வேலை செய்யும், புதுத் தொட்டியில் இன்னும் மோசம். அதனால்தான் அம்மோனியா சேர்ந்திருக்கிறது.

அடுத்தது டிடிஎஸ். உங்கள் கலவை 645 வரும். 140இல் தொடங்கிய தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் 308, அடுத்த முறை 420. நீங்கள் சொன்ன எண் அப்படியே வருகிறது. இப்படியே போனால் 600ஐ நெருங்கும். இந்த மீனை வளர்ப்பவர்கள் 50க்குக் கீழே வைக்கப் பாடுபடுகிறார்கள். கடினத் தண்ணீரில் உடனே சாகாது, ஆனால் தோலில் தொற்று, வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய் என்று ஒவ்வொன்றாக வரும். வெல்வெட் வந்தால் தாமிர மருந்து போடவும் பயம், மென்மையான அமிலத் தண்ணீரில் தாமிரம் மீனுக்கே நஞ்சு. ஆக நோய் வராமல் பார்ப்பதுதான் ஒரே வழி.

மீனுக்குத் தேவையான உப்பு தீனியிலிருந்தே கிடைத்துவிடும். சத்தில்லாத தண்ணீர் என்பது நமக்குக் குடிக்கத்தான் குறை.

இனி ஒரு சொட்டு போர் தண்ணீரும் வேண்டாம். வீட்டு ஆர்ஓவில் 140 என்றால், உள்ளே டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கலாம், சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கிற திருகு அது. மெம்பிரேனிலிருந்து (ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வு) நேராக வரும் குழாயில் பிடித்துப் பாருங்கள், எவ்வளவோ குறைவாக இருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு பக்கெட்டில் வாதாம் இலையோடு இரண்டு நாள் ஊறப்போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். பிஎச் ஏறாது, உப்பு மெல்ல இறங்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் அதுவும் அதிர்ச்சிதான். தீனியைப் பாதியாக்குங்கள்.

சிறுவாணிக்காரன்:
கோவையில் உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். குளோரினை எடுத்துவிட்டு மீட்டரில் பார்த்தாலே தெரியும். சென்னைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைக்கலாம், முதல் மழையை விட்டுவிட்டு.

ஒரு எச்சரிக்கை. நர்சரியில் விற்கும் கோகோபீட்டை இந்தத் தொட்டியில் போடாதீர்கள். கரிச்சதுப்பு என்றதும் அதுதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அது தேங்காய் நார்த்தூள். கழுவாத தூளில் உப்பு நிறைய இருக்கும்.

சிலாங்கூர்செம்பனை:
மலேசியாவில் தஞ்சோங் காராங் பக்கம் கால்வாய் ஓரத்தில் இந்த மீனைப் பார்த்து வளர்ந்தவன் நான். வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். குனிந்து பார்த்தால் மீன் தெரியாது, கரையோர வேரிலும் இலைக்குப்பையிலும் வலையை விட்டால்தான் வரும். பீட்டா லிவிடாவும் அங்கேயே கிடைக்கும், அந்தச் சண்டைமீன் இனத்துக்குச் சொந்த ஊரே சிலாங்கூர்தான். காட்டை வடித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட இடங்களில் பழைய தண்ணீர் இல்லை, மீனும் இல்லை.

எழுத வந்தது வேறு. சாப்பிடாத மீன், தாடைக்குக் கீழே வீக்கம் என்கிறீர்கள். அது நோயாக இல்லாமல் இருக்கலாம். சாக்லேட் குராமியில் பெண் மீன்தான் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். அதன் உறவுமீனான சாமுராய் குராமியில் அது ஆணின் வேலை. அடைகாக்கிற மீன் ஏறக்குறைய இரண்டு வாரம் ஒன்றும் தின்னாது, ஒதுங்கி நிற்கும், தொண்டை புடைத்திருக்கும். வாயை மூடி மெல்ல மெல்வது போல அசைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். வயிறு ஒட்டி, நிறம் கறுத்து, மூச்சு வேகமாக இருந்தால் அது வேறு கதை. எப்படியானாலும் வலை போட்டுப் பிடிக்காதீர்கள், மிரண்டால் முட்டையை விழுங்கிவிடும்.

மடிப்பாக்கம்மீன்:
மெல்வது போல அசைக்கிறது! வயிறு ஒட்டவில்லை. துணி போட்டு முன்பக்கக் கண்ணாடியை மறைத்துவிட்டேன்.

புதுத்தொட்டி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த மீன் எனக்கும் வேண்டும். கடையில் என்ன பார்த்து வாங்குவது?

கறுப்புநீர்:
விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை காட்டில் பிடித்தவை. நாடு விட்டு நாடு வந்து, கடைக்காரரின் கடினத் தண்ணீரில் இறங்கும்போதே பாதி களைத்திருக்கும். பெட்டி வந்த அன்றே வாங்க ஓடாதீர்கள், பல நாள் கடையிலேயே விட்டுவைக்கவும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய், உங்கள் கண் முன்னால் ஏதாவது உயிர்த்தீனி போடச் சொல்லுங்கள். கொத்துகிற மீனை மட்டும் எடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உடம்பில் பொன் தூள் தூவியது போல் தெரிகிறதா என்று பாருங்கள், அது வெல்வெட். ஒன்றில் இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் அதிலிருந்துதான் இறக்க வேண்டும்.

ஆறு மீனுக்குக் குறைந்து வாங்கினால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். டெட்ராவோடு சேர்த்துப் போட்டால் தீனி இதன் வாய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவு மெதுவாகத் தின்னும். செதில் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போட வேண்டியது ஆர்ட்டீமியா, டாப்னியா (நீர்த்தெள்ளு), வீட்டிலேயே வளர்த்த கொசுப்புழு. சாக்கடையில் அள்ளி வந்த டியூபிஃபெக்ஸ் புழு மலிவுதான், அதோடு என்னென்ன வருமோ. மூடி கட்டாயம், மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், ஏசி அறையில் அந்தக் காற்று குளிர்ந்து போகக் கூடாது.

உண்மையைச் சொன்னால், வீட்டில் ஆர்ஓ இல்லாதவர்களுக்கு இந்த மீனை நான் சொல்வதில்லை. பணம் கொடுத்துப் பெட்டியில் வரவழைத்து வீணாக்குவதற்குத் தேன் குராமி வளர்க்கலாம், அதுவும் அழகுதான்.

மடிப்பாக்கம்மீன்:
நிலவரம் சொல்ல வந்தேன். கன்ட்ரோலரைச் சுற்றி விட்டு மெம்பிரேன் குழாயில் பிடித்தால் 22 வருகிறது. தொட்டி 190க்கு இறங்கியிருக்கிறது, பிஎச் 6ஐத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை, அம்மோனியாவும் குறைந்திருக்கிறது. வீங்கிய மீனின் தொண்டை பழையபடி ஆகிவிட்டது, திரும்பச் சாப்பிடுகிறது. குஞ்சு எதுவும் கண்ணில் படவில்லை. அதே கடைக்காரர் புதுப் பெட்டி வருகிறது, நான்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்கிறார். வாங்கட்டுமா?

சிலாங்கூர்செம்பனை:
முட்டையை விழுங்கியிருக்கும், முதல் முறை அது சகஜம். ஜோடி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டதே, மறுபடியும் வைக்கும்.

கறுப்புநீர்:
தொட்டி 50க்கு வரட்டும், அம்மோனியா பூஜ்யம் காட்டட்டும், அப்புறம் வாங்குங்கள். வாங்கினாலும் நேரே இதில் விடாதீர்கள். தனித் தொட்டியில் நான்கு வாரம், தனி வலை, தனி குழாய். அந்தப் பெட்டிக்கு முன்பணம் கேட்டால் அடுத்த பெட்டிக்கு என்று சொல்லி வையுங்கள்.