வேர்முடிச்சும் கிணற்று முறையும்

மேட்டுக்காட்டான் (காங்கயம்):
நேற்று நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினேன். வேரில் ஒட்டியிருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தது. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது; செடியோ வெயிலில் சமைத்த சர்க்கரையை அதற்குக் கொடுக்கிறது. எங்கள் கொறங்காட்டிலும் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) வெள்வேலங்காயைத் தின்ற செம்மறி, விதையைப் புழுக்கையோடு காடெங்கும் போட்டு, தன் பேரன்மார் ஆடுகளுக்கு நிழல் வளர்க்கிறது. பரஸ்பர உதவியும் பரிணாமத்தின் ஒரு காரணியே என்று ருஷ்யச் சிந்தனையாளர் க்ரோபோட்கின் 1902இலேயே எழுதிவிட்டார். மனிதனும் இயல்பில் கூடி வாழ்பவன்தான். போட்டி நாம் பிற்பாடு பழகியது.

பவானிக்கரை:
முடிச்சைக் கிள்ளிய நீங்கள் அதன் வரவு செலவையும் பார்த்திருக்கலாம், அண்ணா. சோயாச் செடியின் முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜன் இல்லாத காற்றை நிரப்பி, நுண்ணுயிரால் உரம் தர முடியாதபடி செய்து பார்த்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அந்த முடிச்சுகளில் நுண்ணுயிர் பெருகுவது குறைந்தது. செடி அவற்றுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. இதற்குப் பெயர் அன்பு அன்று, கொடுக்கல் வாங்கல். மேலும், இயற்கையில் இருப்பதெல்லாம் நமக்குப் பாடம் என்றால், காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும் குயிலையும் வாத்தியாராக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேட்டுக்காட்டான்:
குயில் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை இருப்பதாலேயே கூட்டுறவு பொய்யாகிவிடுமா? எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றில் நான்கு பங்கு. பத்திரத்திலேயே 'நாலில் ஒரு பாகம்' என்று இருக்கிறது. மாடு பூட்டிக் கவலையில் இறைத்த நாளிலும், மோட்டார் வந்த பிறகும், முறை தப்பி இறைத்தவருக்கு அடுத்த முறை வெட்டப்பட்டது. ஆனாலும் யாரும் பங்கைவிட்டுப் போகவில்லை.

அவிநாசி வாசகி:
பொதுவளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரோமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பங்காளிகள் யார் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும், கண்காணிப்பு வேண்டும், தப்புக்குத் தக்க தண்டனை வேண்டும் என்பவை அவர் கண்டவற்றுள் சில. கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது என்பது நால்வர் கண்ணுக்கும் தெரியும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் யார் எவ்வளவு இழுக்கிறார் என்பது பக்கத்துத் தோட்டத்தாருக்குக்கூடத் தெரியாது. ஆகவே மனித இயல்பைப் பற்றிய இந்த வழக்கைவிட, கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பவானிக்கரை:
அதே ஆஸ்ட்ரோம் கணக்கில் முதலில் வருவது 'பங்காளிகள் யார்' என்பதல்லவா? எறும்புப் புற்றுக்குள் எத்தனை ஒற்றுமையோ, பக்கத்துப் புற்றோடு அத்தனை சண்டை. கூடி வாழ்தல் என்பது பெரும்பாலும் வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே. அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: அந்தக் காட்டில் பாடுபட்ட பண்ணையாள் குடும்பத்துக்கு உங்கள் நால்வர் கிணற்றில் ஒரு குடம் இறைத்துக்கொள்ளும் உரிமை இருந்ததா?

மேட்டுக்காட்டான்:
இல்லை. கிணற்று மேட்டுக்குக் கீழே குடத்தோடு நிற்பார்கள். எங்கள் பாட்டி இறைத்து ஊற்றுவார். அதையும் உதவி என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.