புனே போகும் தோழிக்கு பிரைடல் ஷவர்: உண்மையில் பயன்படுகிற பரிசு எது?

தாழம்பூர்வாசி கேட்டது:

ஆபீஸ் தோழிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால், இன்னும் மூன்று வாரத்தில், டீமில் இருக்கும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து என் வீட்டிலேயே சின்னதாக பிரைடல் ஷவர் வைக்கிறோம். மருதாணி, மதியச் சாப்பாடு, கொஞ்சம் பாட்டு, அவ்வளவுதான். ஆளுக்கு 1,500 போட்டு 9,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது.

போன வருடம் இன்னொரு தோழிக்கு இதே மாதிரி வைத்தோம். பேர் போட்ட சாட்டின் அங்கி, வாசனை மெழுகுவர்த்தி, மினுமினுக்கிற பெட்டி எல்லாம் வாங்கினோம். போட்டோ அழகாக வந்தது. ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெட்டி பிரிக்காமல் பரணில் இருந்தது. அவள் மேல் தப்பே இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இவள் கல்யாணம் முடிந்ததும் புனேயில் வாடகை வீட்டுக்குப் போகிறாள். இரண்டு பேருக்கும் வேலை. கேஸ் கனெக்‌ஷன் கிடைக்கும்வரை இண்டக்‌ஷன் அடுப்புதான். பாத்திரம் கொடுத்தால் "இனி உன் இடம் சமையல்கட்டு" என்று சொல்வது போல ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். ஆனால் அவளுக்குத் தோசை என்றால் உயிர். என்ன வாங்கலாம், சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

சமையல் சாமான் தயக்கமாக இருந்தால் டூல் பாக்ஸ் கொடுங்கள். நாங்கள் வெளியூரில் வாடகை வீட்டுக்குள் நுழைந்த முதல் ராத்திரி, ஜன்னல் திரை மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் இல்லை. தெருவிளக்கு நேராக முகத்தில் அடித்தது. பெட்ஷீட்டை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் படுத்தோம். சுத்தியல், கட்டிங் பிளேயர், டெஸ்டர், இன்ச் டேப், ஆணி ஒரு டப்பா, நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடியும். அவள் பேரைச் சொல்லி அவள் கையிலேயே கொடுங்கள். என் மனைவிதான் எங்கள் வீட்டில் எல்லாம் மாட்டுவாள்.

நெல்லைச்சீமை:

தங்கச்சி, உன் தயக்கம் நியாயமானது. ஆனால் தோசை பிடிக்கும் என்று நீயே சொல்லிவிட்டாய். பிடித்ததைச் சுட்டுச் சாப்பிட ஒரு கல் கொடுப்பது யாரையும் சமையல்கட்டில் அடைப்பதாகாது. நான் 2017இல் கல்யாணமாகி வெளிமாநிலம் போனவள். எனக்கு வந்த பரிசுகளில் இன்று வரை தினமும் கையில் எடுப்பது இரண்டுதான். இரண்டையும் சொல்கிறேன்.

ஒன்று, பழக்கிய இரும்பு தோசைக்கல். 'பழக்கிய' என்பதுதான் இதில் முக்கியம். புதுக் கல்லை வாங்கி அப்படியே கொடுத்தால், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதைப் பழக்க நேரமிருக்காது. முதல் தோசை ஒட்டும், இரண்டாவது பிய்யும், அப்புறம் கல் பீரோவுக்கு அடியில் போய்விடும். என் தோழி இரண்டு வாரம் அவள் வீட்டில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றினாளாம். நாலைந்து நாள் கழித்து ஈரமில்லாமல் துடைத்து, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் கல் முழுக்கத் தேய்த்து, ஆறவிட்டு, மறுநாள் திரும்பவும் அதையே செய்திருக்கிறாள். என் கைக்கு வரும்போது கல் கன்னங்கரேலென்று பளபளத்தது. ஊரை விட்டு வந்த ஐந்தாம் நாள் நான் சுட்ட முதல் தோசை முழுசாகப் புரண்டு வந்தது. அடுப்பு முன்னால் நின்று அழுதேன். அந்த இரண்டு வாரத்தை எனக்காகக் கொடுத்தாளே, அதுதான் பரிசு. உனக்கு மூன்று வாரம் இருக்கிறது, இன்றைக்கே கல் வாங்கிவிடு.

இண்டக்‌ஷன் என்பதால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இரும்பு அதில் சூடாகும், ஆனால் அடி சமமாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கல்லில் பல நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். கடையில் சமதரையில் வைத்து ஆடுகிறதா என்று பார். 10 அங்குலம் போதும். அகலமான கல்லில் நடுப்பகுதி கருகும், ஓரம் வேகாது, ஏனென்றால் அடுப்புக்குள் சூடேற்றும் கம்பிச்சுருள் சின்னது. கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல். கல்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை உருளி எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும், இப்போதைக்கு வேண்டாம்; இண்டக்‌ஷனில் சூடே ஏறாது. எந்தப் பாத்திரமானாலும் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

இரண்டாவது, ஒரு எவர்சில்வர் டம்ளர். சும்மா டம்ளர் இல்லை. என் அம்மா எல்லாவற்றையும் ஒரே டம்ளரில்தான் அளப்பாள். "அரிசி நாலு, உளுந்து ஒண்ணு, வெந்தயம் ஒரு ஸ்பூன்" என்று போனில் சொல்வாள். என்னிடம் இருந்த டம்ளர் வேறு அளவு. மாவுக்குப் பரவாயில்லை, அது விகிதக் கணக்குதான். ஆனால் சாம்பார்ப்பொடி, ஊறுகாய் என்று வரும்போது கணக்கு இடிக்கும். அந்தத் தோழி என் அம்மாவிடம் போய் டம்ளரைக் காட்டச் சொல்லி, அதே அளவில் ஒன்றைத் தேடி வாங்கி வந்தாள். கூடவே அம்மா சொல்லச் சொல்ல எழுதிய 14 சமையல் குறிப்புகள், ஒரு நோட்டில். விலை 200 ரூபாய்கூட இருக்காது. இதைத் தயவுசெய்து செய். மணப்பெண்ணின் அம்மாவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

பாக்கிப் பணத்தில் பத்தமடை பட்டுப்பாய் சொல்லலாம் என்று எனக்கு ஆசை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து மெல்லிசாகக் கீறி நெய்வார்கள். கல்யாணப் பாயில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் நெய்து தருவார்கள். ஆனால் மூன்று வாரத்துக்குள் மெல்லிய பாய் கிடைப்பது கஷ்டம். சொல்லி வைத்துவிட்டு, தயாரானதும் புனேக்கே அனுப்பலாம். வீட்டில் மெத்தை, கட்டில் வந்து சேரும் முன் பாய்தான் எல்லாம்.

கும்பகோணம்_டிகிரி:

நெல்லை அக்கா சொன்ன டம்ளருக்கு என் ஓட்டு. கூட ஒன்று சேர்க்கிறேன். நல்ல ஜிப் வைத்த ஃபைல் ஒன்று வாங்கி, அதில் கல்யாணப் பத்திரிகை ஐந்து பிரதி போட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 2009ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை நேரம் உண்டு. பதிவுக்குப் பத்திரிகை கேட்பார்கள். எங்கள் வீட்டில் 600 பத்திரிகை அச்சடித்து, பதிவுக்குப் போன அன்று ஒன்றுகூட மிச்சமில்லை. பெரியப்பா வீட்டு சாமி அலமாரியில் இருந்து ஒன்றை வாங்கி வந்தோம். அவள் புனே போய்விட்டால் இந்த அலைச்சல் இன்னும் பெரிசு.

தாழம்பூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலமே பாரிமுனைப் பக்கம் போய்க் கல் வாங்கிவிட்டேன். கடைக்காரர் முன்னாலேயே தரையில் வைத்துப் பார்த்தேன், நாலாவது கல்தான் ஆடவில்லை. இப்போது பால்கனியில் அரிசித் தண்ணீரில் கிடக்கிறது. டூல் பாக்ஸும் ஃபைலும் மற்ற இரண்டு பேர் பொறுப்பு.

அவள் அம்மாவிடம் பேசினேன். டம்ளர் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அதே மாதிரி எதுக்கும்மா தேடணும், இங்கே ஜோடியில் இன்னொண்ணு இருக்கு, வந்து எடுத்துக்கோ" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போகிறேன். நெல்லை அக்கா, ஒரு சந்தேகம். அந்த டம்ளரில் ஏற்கெனவே அவள் பாட்டி பேர் வெட்டியிருக்கிறதாம். அதன் கீழே இவள் பேரையும் வெட்டலாமா?

நெல்லைச்சீமை:

தாராளமாக வெட்டு. ஆனால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பழைய எழுத்தை மெருகு போட்டு அழித்துவிடப் போகிறார். பாட்டி பேர் மேலே, இவள் பேர் கீழே. நடுவில் இடம் விடச் சொல், அம்மா பேருக்கு.