மூளைக்காய மறுவாழ்வுத் துறையில் பயிற்சியும் ஆய்வும்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

குழுவிலுள்ள மூத்தவர்களுக்கு வணக்கம். ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாட வேலைகளை நோயாளி மீண்டும் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) பட்டம் பெற்று மதுரையில் பணியாற்றும் நான், சாலை விபத்துகளில் தலையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற விரும்புகிறேன். கை கால் அசைவு திரும்பியதுமே நோயாளி தேறிவிட்டார் என்று குடும்பத்தினர் நிம்மதியடைகிறார்கள். ஆனால் நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன், கோபத்தை அடக்கும் திறன் ஆகியவற்றில் ஏற்பட்ட பாதிப்பு, அவர் மீண்டும் வேலைக்குச் செல்ல முயலும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. அந்த நேரத்தில் அவருக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே மிகக் குறைவு என்பதே என் கவலை.

டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவான வேலூர் சி.எம்.சி.யையும், நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித்துறை கொண்ட, பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸையும் முதலில் கருதுகிறேன். மருத்துவர் அல்லாத சிகிச்சையாளர்களை அங்கே குறுகிய காலப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்கிறார்களா, விண்ணப்பத்துக்கு எவ்வளவு பணி அனுபவம் தேவை என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். இங்கிலாந்தின் ஈலி நகரில் நரம்பு உளவியலாளர் பார்பரா வில்சன் 1996இல் நிறுவிய ஆலிவர் சாங்வில் மூளைக்காய மறுவாழ்வு மையத்தில், பல துறைச் சிகிச்சையாளர்கள் நோயாளியுடன் சேர்ந்தே அவருடைய அன்றாட வாழ்வுக்கான இலக்குகளை வகுத்தார்கள். அம்முறையில் பயின்றவர்கள் இங்கிருந்தால் அவர்களுடன் பேச ஆவலாக உள்ளேன்.

ஆய்வைப் பொறுத்தவரை, பள்ளிப் படிப்பு குறைந்த தமிழ் நோயாளிகளின் நினைவாற்றலை நியாயமாக அளக்கும் சோதனைகளே என் விருப்பம். இதற்கு நெறியாளராக இருக்கக்கூடியவர்களையும், வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்ய இடமளிக்கும் பல்கலைக்கழகங்களையும், உதவித்தொகை வழிகளையும் பரிந்துரைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.